மடக்குக் கத்தியோடு சிங்கப்பூரில் நடமாடலாமா?

கேள்வி: ஊரில் இருந்தவரை சாவிக் கொத்தோடு ஒரு மடக்குக் கத்தி எப்போதும் பையில் இருக்கும். இப்போது சிங்கப்பூரில் ஏசி பராமரிப்பு வேலை, தங்குவது விடுதியில். அட்டைப்பெட்டி பிரிக்க, டேப் அறுக்க, சாயங்காலம் ஒரு பழம் நறுக்க கத்தி கூடவே இருந்தால் வசதி. இங்கே எத்தனை அங்குலம் வரை வைத்துக்கொள்ளலாம்? என்ன வாங்கலாம்?

தம்பி, அங்குலக் கணக்கை முதலில் மறந்துவிடுங்கள். அந்தக் கணக்கு இங்கே செல்லாது.

இந்தியாவில் ஆயுத விதிகளில் ஓர் அளவு இருக்கிறது. அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருந்தால் அது ஆயுதக் கணக்கில் வரும். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்த கத்திகளுக்கு விலக்கு. பிரிட்டனில் வேறு மாதிரி: பூட்டிக்கொள்ளாத மடக்குக் கத்தி, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்குள் இருந்தால் காரணமில்லாமலே பையில் வைத்துக்கொள்ளலாம். யூடியூபில் தினமும் பையில் என்ன வைத்திருக்கிறேன் என்று மேசைமேல் பரப்பிக் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ உட்கார்ந்து பேசுகிறார்கள். அவர்களைப் பார்த்துவிட்டு, மூன்று அங்குலத்துக்குக் கீழே வாங்கினால் போதும், பிரச்சினை வராது என்று இங்கே பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். சிங்கப்பூர்ச் சட்டத்தில் அப்படி ஒரு பாதுகாப்பான அளவு கிடையாது.

இங்கே உள்ளது 1958ஆம் ஆண்டுச் சட்டம். அரிக்கும் பொருள்கள், வெடிபொருள்கள், தாக்கும் ஆயுதங்கள் மூன்றையும் சேர்த்து ஒரே சட்டமாகப் போட்டிருக்கிறார்கள். ரகசியக் கும்பல்கள் ஆள்மீது அமிலம் வீசிக்கொண்டிருந்த காலம் அது. அதனால்தான் பெயரில் அமிலமும் கத்தியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. அந்தச் சட்டத்தின் பார்வையில், தாக்கப் பயன்படுத்தினால் காயம் உண்டாக்கக்கூடிய எந்தக் கருவியும் தாக்கும் ஆயுதமாகலாம். சட்டபூர்வமான நோக்கம் இல்லாமல் பொது இடத்தில் அதை வைத்திருந்தால் மூன்று ஆண்டுவரை சிறை, அதோடு குறைந்தது ஆறு பிரம்படி. பெண்களுக்கும், 50 வயதைத் தாண்டிய ஆண்களுக்கும் பிரம்படி இல்லை. உங்கள் வயதுக்கு உண்டு.

பயமுறுத்தச் சொல்லவில்லை. டேப் அறுக்கும் கத்தி வைத்திருந்த ஏசி மெக்கானிக்கை யாரும் பிடித்துப் பிரம்பால் அடிக்கப்போவதில்லை. ஆனால் கேட்கும் கேள்வி எது என்று தெரிந்துகொள்ளுங்கள். எவ்வளவு நீளம் என்று கேட்க மாட்டார்கள். இந்த நேரத்தில், இந்த இடத்தில், இது எதற்கு உங்களிடம் இருக்கிறது என்று கேட்பார்கள். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, ஏணியும் வேக்குவம் பம்பும் பக்கத்தில் இருக்க, கருவிப் பையில் கிடக்கும் கத்திக்குப் பதில் தானாகவே தெரிகிறது. அதே கத்தி ஞாயிற்றுக்கிழமை இரவு பதினொரு மணிக்கு, நம்மவர்கள் கூடும் தேக்காவில் (லிட்டில் இந்தியா) ஜீன்ஸ் பையில் இருந்தால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். ‘சும்மா, பழக்கம்’ என்பது பதிலாகாது. ‘ஒரு பாதுகாப்புக்கு’ என்பது அதைவிட மோசம். யாரையாவது குத்தவும் தயாராக இருந்தேன் என்று நீங்களே வாக்குமூலம் கொடுப்பதற்குச் சமம் அது.

கருவி எது, ஆயுதம் எது என்று உருவத்தை வைத்துப் பிரிக்க முடியாது என்பதற்கு இந்த ஊரிலேயே பழைய உதாரணம் உண்டு. பேரிங் ஸ்க்ரேப்பர் என்று மெக்கானிக்குகள் வைத்திருக்கும் ஒரு சாமான். எஞ்சின் பேரிங்கைச் சுரண்டிச் சரிசெய்ய உதவும் முக்கோண முனைக் கருவி. ஒரு காலத்தில் இங்கே கும்பல் சண்டைகளில் ஆளைக் குத்த அதைத்தான் எடுத்தார்கள். பட்டறையில் இருந்தால் கருவி, இடுப்பில் செருகியிருந்தால் ஆயுதம்.

வேலை அனுமதிச் சீட்டில் இருக்கிற உங்களுக்கு இதில் இன்னொரு பக்கம் இருக்கிறது. உள்ளூர்க்காரருக்கு எச்சரிக்கையோடு முடிகிற விஷயம் உங்களுக்கு விசாரணை, முதலாளிக்குத் தொலைபேசி, மேற்பார்வையாளர் வந்து கையெழுத்து என்று இழுக்கும். வழக்கு என்று போய்த் தீர்ப்பும் வந்துவிட்டால் சீட்டே போகும். ஏஜென்டுக்குக் கட்டின பணத்தை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பலருக்கு இது தெரியாது. கத்தி உங்களிடம் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஆயுதம் வைத்திருப்பவரோடு சேர்ந்து திரிவதும் அதே சட்டத்தில் குற்றம். 2019 ஜூலையில் ஆர்ச்சர்ட் டவர்ஸில் நடந்த கொலையை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். ஒருவர் கையில் கெராம்பிட் என்னும் வளைந்த கத்தி இருந்தது. அவரோடு இருந்தவர்களில் சிலர்மீது, அந்தக் கத்தியோடு இருந்தவருடன் பொது இடத்தில் சேர்ந்திருந்ததாகக் குற்றச்சாட்டு வந்தது. ஆகவே உங்கள் அறை நண்பர் அலங்காரக் கத்தி ஒன்றை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு குடிக்கக் கூப்பிட்டால், ‘அண்ணே, அதை வைத்துவிட்டு வாங்க’ என்று சொல்லுங்கள். வைக்கவில்லை என்றால் நீங்கள் போகாதீர்கள்.

சில கத்திகளை நினைக்கவே வேண்டாம். பொத்தானை அழுத்தினால் அலகு பாய்ந்து வெளியே வருபவை, உதறினால் தானே விழுந்து திறப்பவை, கைப்பிடி இரண்டாகப் பிரிந்து சுழலும் பட்டாம்பூச்சிக் கத்தி, விரல்களில் மாட்டும் இரும்புப் பிடியோடு வருபவை. இப்படிப்பட்டவற்றை ஆயுதம் என்றே சட்டம் பார்க்கும், தண்டனையும் கடுமை. 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டமும் இருக்கிறது. இணையக் கடையில் பத்து வெள்ளிக்குக் கிடைக்கிறதே, கப்பலில் இலவசமாக அனுப்புகிறானே என்பதெல்லாம் அனுமதி ஆகாது. பெட்டி உங்கள் பெயருக்குத்தான் வரும்.

சரி, இப்போது வேலைக்கு வருவோம். உங்கள் தொழிலுக்கு மடக்குக் கத்தி உண்மையில் பொருத்தமா? என் அனுபவத்தில் இல்லை. கட்டடப் பராமரிப்பில் பல வருடம் ஆட்களை வைத்து வேலை வாங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஏசி ஆள் ஒருவர் நாளெல்லாம் அறுப்பது நாலே சாமான். அட்டைப்பெட்டி, டேப், ஒயர்களைச் சேர்த்துக் கட்டும் பிளாஸ்டிக் பட்டையான கேபிள் டை, குழாய்க்குப் போடுகிற கறுப்பு ரப்பர் இன்சுலேஷன். இதில் ஒன்றுக்கும் மடக்குக் கத்தி முதல் தேர்வு அல்ல.

இன்சுலேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். நுரை மாதிரியான ரப்பர் அது. கூர் கொஞ்சம் மழுங்கினாலும் அறுபடாது, பிய்யும். பிய்ந்த இடத்தில் இணைப்பு சரியாக ஒட்டாது. காற்று நுழையும், உள்ளே குளிர்ந்த குழாயில் வேர்த்து, ஒரு மாதத்தில் வீட்டுக்காரர் பொய்க்கூரையில் மஞ்சள் கறை என்று கூப்பிடுவார். இதற்கு வேண்டியது 18 மி.மீ. அகலத்தில் ஒடித்துப் பயன்படுத்தும் அலகுள்ள கட்டர். இங்கே கடைகளில் பென்நைஃப் என்று கேட்டாலும் அதைத்தான் எடுத்துத் தருவார்கள். அலகை நாலு விரல் நீளம் வெளியே விட்டுப் பூட்டி, தள்ளாமல் இழுத்து ஒரே வீச்சில் அறுத்தால் வெட்டு கண்ணாடி மாதிரி வரும். முனை மழுங்கினால் ஒரு துண்டை ஒடித்துவிட்டுப் புது முனையில் தொடரலாம். மடக்குக் கத்தியை எவ்வளவுதான் சாணை பிடித்தாலும் அந்தக் கூர் மத்தியானம் வரை தாங்காது.

இந்த ஒடிக்கும் அலகு யோசனையே இப்படிப்பட்ட வேலைத் தளத்தில்தான் பிறந்தது. ஒசாகாவில் அச்சகத்தில் காகிதம் வெட்டிக்கொண்டிருந்த ஓகாடா யோஷியோ, சவர அலகுகள் இரண்டு ஓரம் மட்டும் மழுங்கி முழுதாகக் குப்பைக்குப் போவதைப் பார்த்துச் சலித்துப்போய், சாக்லேட் கட்டியைக் கோட்டில் ஒடிப்பதுபோல அலகையும் ஒடித்தால் என்ன என்று யோசித்தார். 1956இல் முதல் கட்டர். ஓல்ஃபா என்று கடையில் மஞ்சள் பிடியோடு தொங்குவது அவர் ஆரம்பித்த கம்பெனியினுடையது. மலிவான சீனக் கட்டரோடு ஒப்பிட்டால் விலை கூடுதல்தான், ஆனால் அலகு ஆடாது. ஆடுகிற அலகுதான் கையைக் கிழிக்கும்.

ஒடித்த துண்டுகளைத் தரையில் விடாதீர்கள். மூடி உள்ள பழைய மிட்டாய் டப்பா ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் வீட்டில் தவழும் குழந்தை இருக்கலாம்.

கேபிள் டைக்குக் கத்தியே எடுக்கக் கூடாது. ஒயர் வெட்டும் குறடான சைடு கட்டர்தான். கத்தியால் கிழித்தால் இறுகியிருந்த டை தெறிக்கும், கத்தியும் சேர்ந்து தெறிக்கும்; பின்னால் போகிற ஒயரின் தோலும் கிழியும். ஒயர் தோல் உரிக்க ஸ்ட்ரிப்பர். செப்புக் குழாய் வெட்டிய விளிம்பில் பிசிறு எடுக்க ரீமர். அந்தப் பிசிறைக் கத்தி முனையால் சுரண்டுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அலகு வழுக்கி இடது கைப் பெருவிரலில் இறங்கும், செப்புத் தூளோ குழாய்க்குள் விழுந்து கம்ப்ரெசர் வரைக்கும் போகும். அட்டைப்பெட்டிக்கு, விரலை எடுத்ததும் அலகு தானாக உள்ளே போய்விடும் சேஃப்டி கட்டர் நல்லது. பல பெரிய தளங்களில் திறந்த அலகுக் கத்தியை உள்ளே விடுவதே இல்லை, வேலை தொடங்குமுன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கிலேயே சொல்லிவிடுவார்கள்.

எல்லாம் சேர்த்து ஒரே கையில் வேண்டும் என்றால் மல்டிடூல். குறடும் திருப்புளியும் அதில்தான் முக்கியம், கத்தி ஓரமாக வரும். 1983இல் டிம் லெதர்மேன் விற்க ஆரம்பித்த முதல் கருவியிலும் நடுநாயகம் குறடுதான். பெல்ட்டில் மாட்டி வேலை செய்யுங்கள், தப்பில்லை. வேலை முடிந்ததும் கழற்றிக் கருவிப் பெட்டிக்குள் போடுங்கள். நான் ஆட்களுக்குச் சொல்லும் ஒரே விதி இதுதான்: கத்தி வேலையோடு வரட்டும், வேலையோடு போகட்டும். லாரி ஏறுமுன் பெட்டி, பெட்டிக்குப் பூட்டு. சட்டை மாற்றுமுன் பையைத் தடவிப் பாருங்கள்.

எங்கள் ஆள் ஒருவர் ஒரு சனிக்கிழமை அரை நாள் வேலை முடித்து, உடுப்பு மட்டும் மாற்றிக்கொண்டு, பெரிய கட்டர் பின்பையில் இருப்பதை மறந்து எம்ஆர்டிக்குப் போய்விட்டார். ரயில் நிலையங்களில் டிரான்ஸ்காம் போலீஸார் பைகளைச் சோதிப்பது உங்களுக்குத் தெரியும். பொதுப் போக்குவரத்துக்கென்று 2009இல் அமைத்த பிரிவு. அவரை நிறுத்தினார்கள். அவர் செய்த நல்ல காரியம், சோதிப்பதற்கு முன்பே வாயால் சொன்னது: ‘பின்பக்கம் கட்டர் இருக்கு, இன்னிக்கு வேலைக்குக் கொண்டுபோனது.’ கை பைக்குள் போகவில்லை. அவர்களே எடுத்தார்கள். அனுமதிச் சீட்டு, கம்பெனி பெயர், எந்தக் கட்டடத்தில் வேலை, யார் மேற்பார்வையாளர் எல்லாம் கேட்டு எனக்கும் ஒரு அழைப்பு வந்தது. முக்கால் மணி நேரத்தில் விட்டுவிட்டார்கள். அவர் முந்திக்கொண்டு எடுத்துக் காட்டியிருந்தால்? கையில் கத்தியோடு ஒருவர் போலீஸ்முன் நிற்கும் காட்சி அது. அப்படிச் செய்யவே செய்யாதீர்கள்.

வேலையில்லாத நேரத்துக்கு என்ன வைத்துக்கொள்வது? பழம் நறுக்க, பொட்டலம் பிரிக்க, நூல் அறுக்க. என் ஆலோசனை, அலகே இல்லாத சின்னக் கருவி. விக்டோரினாக்ஸ் ஜெட்செட்டர் என்று ஒன்று வருகிறது, 58 மி.மீ. நீளம், கத்தி கிடையாது. சிறு கத்தரிக்கோல், திருப்புளி, பாட்டில் திறப்பான், ரோமம் பிடுங்கி. சாவிக் கொத்தில் தொங்கினால் யாரும் இரண்டாவது முறை பார்க்க மாட்டார்கள். கத்தியால் செய்கிற சின்ன வேலைகளில் பெரும்பங்கை அந்தக் கத்தரிக்கோல் செய்துவிடும். பாக்கெட் பிரிப்பதில் கத்தியைவிட அதுதான் மேல், உள்ளே இருக்கும் சட்டை கிழியாது. பழத்துக்கு மட்டும் அது உதவாது. பழக்கத்தி விடுதி அடுப்படியிலேயே இருக்கட்டும், ஆரஞ்சு வாங்கினால் கையால் உரித்துச் சாப்பிடுங்கள்.

அதே கம்பெனியின் 58 மி.மீ. கிளாசிக்கில் குட்டிக் கத்தி ஒன்று இருக்கிறது. இங்கே நிறையப் பேர் சாவியோடு வைத்திருக்கிறார்கள். நகவெட்டியோடு வரும் கத்தியைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். நடைமுறையில் யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் கண்டுகொள்ளாததற்குச் சட்டத்தில் அளவு விலக்கு காரணமில்லை என்பதை மட்டும் மனதில் வையுங்கள். ஒரு சண்டையில் அது வெளியே வந்தால் அதுவும் ஆயுதம்தான். விமான நிலையத்திலோ, பை சோதிக்கும் நிகழ்ச்சிகளிலோ அதை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டியிருக்கும்.

உண்மையான மடக்குக் கத்தி தேவைப்படும் இடங்களும் உண்டு. ஞாயிறு காலை பெடோக் ஜெட்டியில், அதாவது கடல்மேல் நீளும் துறைமேடையில், தூண்டில் போடப் போகிறீர்கள். இரை வெட்ட, நைலான் அறுக்கக் கத்தி வேண்டும். மீன்பிடிச் சாமான் டப்பாவுக்குள் தூண்டில், ஈயக்குண்டோடு கத்தியும் இருந்தால் காரணத்தை அந்த டப்பாவே சொல்லும். முடிந்ததும் நேராக விடுதி. வழியில் காப்பிக்கடையில் நண்பர்களோடு பாட்டில் திறக்கிற திட்டம் இருந்தால் டப்பாவைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வாருங்கள். மதுவும் கத்தியும் ஒரே மேசையில் இருப்பதை எந்த நீதிமன்றமும் ரசிக்காது.

அப்படி வாங்குகிறீர்கள் என்றால் எஃகைப் பாருங்கள். இந்த ஊர்க் காற்றில் ஈரம் 80 விழுக்காட்டைச் சுற்றியே நிற்கும். நம் வேர்வையில் உப்பு. ஜெட்டியில் கடல் உப்பு வேறு. கார்பன் எஃகு எவ்வளவு அழகாகக் கூர் ஏறினாலும் ஒரே இரவில் செம்புள்ளி போடும். பிரான்சின் ஒப்பினெல் எனக்குப் பிடித்த கத்தி, எளிமையானது, விலை குறைவு. அதில் எஃகு இரண்டு வகையாகவும் வருகிறது, துருப்பிடிக்காத வகையைக் கேட்டு வாங்க வேண்டும். அப்படி வாங்கினாலும் அதன் மரப்பிடி இந்த ஈரத்தில் ஊதி, அலகு உள்ளேயே இறுகிக்கொள்ளும். மேசையில் தட்டித் தட்டித் திறக்க வேண்டிவரும். மலைநாட்டுக் குளிருக்குச் செய்த கத்தி, அதைக் குறைசொல்ல முடியாது. விக்டோரினாக்ஸ் எஃகில் குரோமியம் கிட்டத்தட்ட 15 விழுக்காடு. துரு அவ்வளவு எளிதில் அண்டாது. ரொம்பக் கடினமில்லாததால் கூர் சீக்கிரம் போகும், ஆனால் பீங்கான் கோப்பையின் அடியில் உள்ள சொரசொர வளையத்தில் பத்துத் தடவை இழுத்தால் திரும்ப வந்துவிடும்.

பூட்டு இருப்பதும் இல்லாததும் கவனிக்க வேண்டிய விஷயம். சுவிஸ் கத்தியின் சாதாரண மாதிரிகளில் ஸ்பிரிங் அழுத்தம் மட்டும்தான், பூட்டு இல்லை. குத்தித் துளைபோட்டால் அலகு மடங்கி விரல்மேல் விழும். இழுத்து அறுக்கத்தான் அது. பூட்டு உள்ளது கைக்குப் பாதுகாப்பு. ஆனால் ஒரே கையால் டக்கென்று திறந்து பூட்டிக்கொள்கிற கறுப்புக் கத்தியைப் பார்க்கிறவர் மனதில் என்ன ஓடும் என்பதும் கணக்கில் சேரும். சிவப்புப் பிடியில் சிலுவை போட்ட கத்தியைப் பார்த்தால் மாமா பழம் நறுக்குகிறார் என்று நினைப்பார்கள். நியாயமில்லைதான். ஆனால் முதல் அரை நிமிடம் அப்படித்தான் போகும்.

எண்ணெய் விடுவதற்கு ஒரு வார்த்தை: தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளாக நாளாகப் பிசின்போல ஒட்டிக்கொண்டு கீலை அடைத்துவிடும். மருந்துக்கடையில் கிடைக்கும் மினரல் எண்ணெய் ஒரு சொட்டு போதும், பழத்தில் பட்டாலும் பயமில்லை. கடலுக்குப் போய்வந்தால் முதலில் நல்ல தண்ணீரில் திறந்து கழுவி, துடைத்துக் காயவைத்து, அப்புறம் எண்ணெய்.

ஜொகூர் பாரு போகிற நாட்களில் கத்தி எதையும் எடுத்துப்போகாதீர்கள். மலேசியாவிலும் இதே பெயரில் 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் பை எக்ஸ்ரேக்குள் போகும்போது அதை விளக்கிக்கொண்டு நிற்பதில் ஒரு பயனும் இல்லை.

ஊரிலிருந்து கொண்டுவந்த கத்தி இப்போது உங்களிடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். விடுதி விதியை முதலில் கேளுங்கள். பல விடுதிகளில் அறையில் கத்தி வைக்க விடமாட்டார்கள், சமையலறைக் கத்திக்கே இடம் ஒதுக்கியிருப்பார்கள். வைக்கலாம் என்றால் அலமாரியில் பூட்டி வையுங்கள். வைக்கக் கூடாது என்றால் மேற்பார்வையாளரிடம் சொல்லிக் கம்பெனிக் கருவி அறையில் போட்டுவிடுங்கள். அடுத்த விடுப்பில் போகும்போது அலகை அட்டையில் சுற்றி டேப் ஒட்டி, சாங்கி விமான நிலையத்தில் எடைபோட்டு அனுப்புகிற பெட்டிக்குள் வையுங்கள். கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள், திரும்பக் கிடைக்காது.